இரண்டு சம்பந்திகளும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணும்

1989-இல் நான் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். இயற்பியல் செய்முறை நோட்டுக்குப் பழுப்புத் தாளில் அட்டை போட்டிருந்தேன். அந்த அட்டைக்குள் ஒரு கடிதம் இருந்தது. எழுதியவள் நான்தான். யாருக்கு என்று அதில் போடவில்லை. அந்த அளவுக்கு விவரம் இருந்தது. ஆனால் நோட்டை வீட்டுக் கூடத்தில் விட்டுவிட்டுக் குளிக்கப் போகக் கூடாது என்கிற விவரம் இல்லை.

அப்பா எங்கள் ஊர்ப் பள்ளியின் தலைமையாசிரியர். சேலத்துப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே தலைமையாசிரியர் மகள் என்றால் கிட்டத்தட்ட ஜனாதிபதி மகள். நான் எந்தக் கடையில் ரிப்பன் வாங்கினேன் என்பது எனக்கு முன்பே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். கடிதத்தைப் பார்த்த அப்பா கத்துவார், கிழிப்பார் என்று நினைத்தேன். வெற்றிலைத் தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். கடிதத்தை நான்காக மடித்து என்னிடமே கொடுத்தார்.

"ராஜாஜிக்கு ஒரு மகள் இருந்தாள், தெரியுமா? காந்தி மகனை விரும்பினாள். உன் வயதுதான். இரண்டு அப்பாக்களும் ஐந்து வருடம் பொறுக்கச் சொன்னார்கள். பார்க்கக் கூடாது, கடிதம் எழுதக் கூடாது. பொறுத்தாள். கல்யாணம் நடந்தது. போய்ப் படி."

அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து லட்சுமி ராஜகோபாலாச்சாரி மீது எனக்கு ஒரு கோபம். பின்னே? நாட்டிலேயே பெரிய தலைவர் இருவர் வீட்டில், ஒரு தமிழ் ஐயங்கார்ப் பெண்ணுக்கும் ஒரு குஜராத்தி வணிக குலத்துப் பையனுக்கும் காதல் வந்திருக்கிறது. அதைப் போய், அடக்க ஒடுக்கமாக ஐந்து வருடம் மூட்டை கட்டி வைத்து, பிற்காலத்து அப்பாக்கள் எல்லோருக்கும் ஒரு ஆயுதத்தை எடுத்துக் கொடுத்துவிட்டாளே!

கோபம் வந்தால் அந்த ஆளைப் பற்றிப் படிப்பது என் வழக்கம். முப்பது வருடமாகக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அது இப்போது வேறு ஆட்கள் பக்கம் திரும்பியிருக்கிறது.

முதலில் அந்தப் பையனைப் பார்ப்போம். தேவதாஸ், காந்தியின் கடைசி மகன். 1900-இல் டர்பனில் பிறந்தவர். மருத்துவ உதவி உடனே கிடைக்காததால் அந்தப் பிரசவத்தைக் காந்தியே பார்த்தார். சுயசரிதையில் பெருமையாகவே எழுதியிருக்கிறார். அதாவது பிறப்பே அப்பாவின் ஒரு சோதனை. முறையான பள்ளிக்கூடம் கிடையாது. 17 வயதில் சம்பாரணில், அம்மா கஸ்தூர்பாவோடு கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். 18 வயதில், 1918-இல், சென்னைக்கு அனுப்பப்பட்டார். எதற்கு? தமிழர்களுக்கு இந்தி சொல்லிக்கொடுக்க. தென்னாட்டில் இந்திப் பிரச்சாரத்தின் முதல் ஆசிரியர் அவர்தான். ஊரும் மொழியும் தெரியாத ஒரு 18 வயதுப் பையனை, தன் மகன் என்கிற ஒரே தகுதியில் அப்பா இங்கே இறக்கிவிட்டார்.

20 வருடம் கழித்து, 1938-இல், இதே மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார்; தமிழ்நாடு கொதித்தது. அப்போது தேவதாஸ் அவருக்கு மாப்பிள்ளை. "மாப்பிள்ளைக்கு வேலை போட்டுக் கொடுத்தார்" என்று எங்கள் ஊரில் ஒரு திராவிடர் கழகத்துப் பெரியவர் கேலி செய்வார். மாப்பிள்ளை அந்த வேலையை விட்டு ரொம்ப நாளாகி டெல்லியில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தார் என்று பெரியவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு அப்போது இல்லை.

இனி லட்சுமி. ராஜாஜியின் கடைக்குட்டி. நினைவு சரியாகத் தெளியாத வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். ராஜாஜி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சேலத்தில் கைநிறையச் சம்பாதித்த வக்கீல். நகராட்சித் தலைவராக இருந்தவர். வக்கீல் தொழிலை விட்டார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறைக்குப் போனார். அப்போது லட்சுமிக்கு ஒன்பது வயது இருக்கும். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவும் இல்லாத மூன்று மாதங்கள்.

1925 பிப்ரவரியில் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் ஊர் ஜமீன்தார் இரத்தினசபாபதிக் கவுண்டர். சேலத்து பங்களாவில் ஓடி விளையாடிய பெண், 13 வயதில், வறண்ட கொங்கு மண்ணில் ஒரு குடிசைக்கு வந்து சேர்ந்தாள். நூற்பு, நெசவு, மதுவிலக்குப் பிரச்சாரம். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் ஆசிரமத்தில் சேர்த்துக்கொண்டதால் சுற்றுவட்டாரத்து மேல்சாதியினரின் முணுமுணுப்பு வேறு. எந்த முடிவையும் அவளைக் கேட்டு எடுத்திருக்கமாட்டார்கள். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணைத்தான் கேட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் மற்றப் பெண்களின் அப்பாக்கள் யாரும் மனச்சாட்சிக்காக வீட்டையே இடம் மாற்றவில்லையே.

அந்த ஆசிரமத்துக்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். திருச்செங்கோட்டிலிருந்து பஸ். சித்திரை வெயில். அங்கே நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இங்கே ஒரு 15 வயதுப் பெண்ணுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடமில்லை. மரத்தடியும் திண்ணையும் கிணற்றடியும் எல்லோருக்கும் பொது. ஆசிரமம் என்றாலே அப்படித்தான். அங்கே பிரார்த்தனையிலிருந்து பேதி வரை எல்லாம் பொது விஷயம். எனக்காவது ஒரு நோட்டு அட்டை இருந்தது.

1927-இல் காந்திக்கு ரத்த அழுத்தம் ஏறி உடம்பு படுத்துவிட்டது. நந்தி மலையிலும் பெங்களூரிலும் பல மாதங்கள் ஓய்வு. ராஜாஜி கூடவே இருந்தார். இரு குடும்பமும் நெருங்கிப் பழகிய அந்த ஆண்டில்தான் விஷயம் வெளியே வந்தது. தேவதாஸுக்கு 27 வயது. லட்சுமிக்கு 15.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 1989-இல் எனக்கு அவை கண்ணில் படவில்லை. "உன் வயதுதான்" என்று அப்பா சொன்னது மட்டும் காதில் நின்றது; பையனின் வயதை அவரும் சொல்லவில்லை. இன்று என் பக்கத்து வீட்டில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் இருக்கிறாள். 27 வயது ஆள் ஒருவர் அவளை விரும்புகிறார் என்று வந்து நின்றால், காதல் காவியம் என்றா சொல்வேன்? செருப்பைத் தேடுவேன். ஆனால் 1927-இன் கணக்கு வேறு. பெண்களுக்குக் குறைந்தபட்சத் திருமண வயது 14 என்று சொன்ன சாரதா சட்டமே 1929-இல்தான் வந்தது. அதற்கும் வைதிகர்கள் குதித்தார்கள். 15 வயது ஐயங்கார்ப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் அதுவே அன்று ஊருக்குப் பேச்சு.

அதே 1927 செப்டம்பரில் காந்தி சென்னைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்களிடம் பேசினார். பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணைக் கட்டாதீர்கள், என்னால் முடிந்தால் இருபது என்றே வைத்துவிடுவேன் என்கிற பொருளில் அந்தப் பேச்சு போகிறது. கூட்டத்தில் இருந்த எத்தனை பேருக்கு, பேசுகிறவரின் வீட்டிலேயே 15 வயதுப் பெண்ணைப் பற்றி ஒரு வழக்கு இருப்பது தெரியும்? பதினைந்தும் ஐந்தும் இருபது. இந்தக் கூட்டல் எனக்குப் புலப்பட்ட அன்று, அப்பா சொன்ன கதையின் உருவமே மாறிப்போனது.

மாறினாலும் இரண்டு அப்பாக்களையும் அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. அவர்கள் தயங்கியதற்கு வயது மட்டும்தான் காரணமா? இதற்கு முந்தைய ஆண்டு நடந்ததைப் பார்க்க வேண்டும். காந்தியின் இரண்டாவது மகன் மணிலால் தென்னாப்பிரிக்காவில் இருந்தார். கேப்டவுனைச் சேர்ந்த பாத்திமா கூல் என்ற முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பினார். அப்போது அவருக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. அப்பாவின் அனுமதி சட்டப்படி தேவையில்லை. 1926 ஏப்ரலில் காந்தி எழுதிய பதில் கடிதம் இன்றும் படிக்கக் கிடைக்கிறது. ஒரே உறையில் இரண்டு வாள் செருகுவது போல என்றார். உன் திருமணம் இந்து–முஸ்லிம் பிரச்சினையில் பலத்த பாதிப்பை உண்டாக்கும் என்றார். மணிலால் அடங்கினார். 1927 மார்ச்சில் சுசீலா மஷ்ருவாலாவை மணந்துகொண்டார். அகோலாவில் கல்யாணம். நல்ல இல்லறமாகவே அமைந்தது என்கிறார்கள், இருக்கட்டும். பாத்திமாவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் அதிகம் எழுதுவதில்லை.

தலைவரின் பிள்ளையாகப் பிறந்தால் இதுதான் சங்கடம். ஊரான் வீட்டுப் பையன் காதலித்தால் அப்பாவுக்குச் சாதி சனத்தின் பயம். தலைவர் வீட்டுப் பையன் காதலித்தால் அப்பாவுக்குத் தேசத்தின் பயம். இரண்டில் தேசத்தின் பயம்தான் மோசம். சித்தப்பாவிடம் சண்டை போடலாம், ஏழு கோடி முஸ்லிம்களையும் இருபது கோடி இந்துக்களையும் காட்டி ஒருவர் வேண்டாம் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

1927-இல் காந்தி கலப்பு மணத்தின் தீவிர ஆதரவாளர் அல்ல. சாதி விட்டுச் சாதி உண்பதையும் மணப்பதையும் தவிர்ப்பது ஒரு சுயகட்டுப்பாடு என்று அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் எழுதியிருந்தார். ராஜாஜியோ வைதிக உறவினர்களின் பகையை ஏற்கெனவே வேண்டிய அளவு சம்பாதித்திருந்தார். போதாததற்கு இது தலைகீழ்ப் பொருத்தம்: பெண் பிராமணர், பையன் வைசியர். சாஸ்திரம் இதைப் பிரதிலோமம் என்று ஒதுக்கியது. நீதிமன்றங்களும் அத்தகைய மணங்களைச் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்த காலம். சாதி விட்டுச் செய்யப்பட்ட இந்துத் திருமணங்கள் எல்லாம் செல்லும் என்று ஒரு சட்டம் வர 1949 ஆயிற்று. ஆக, அந்த ஐந்து ஆண்டுகள் பெண் வளர்வதற்கு மட்டும் கொடுத்த அவகாசம் அல்ல. இரண்டு சம்பந்திகளும் தங்கள் மனத்தைத் தேற்றிக்கொள்ள எடுத்துக்கொண்ட வாய்தாவும்கூட. வக்கீல்கள் இல்லையா, இருவரும்!

கதை சொல்கிறவர்கள் "ஐந்து ஆண்டுகள்" என்று ஒரு மூச்சில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நிற்கத் தோன்றுகிறது. 15 முதல் 21 வரை ஒரு பெண்ணின் ஆறு தீபாவளிகள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தார், சிறை. அதே சத்தியாக்கிரகத்தில் தேவதாஸும் கைதாகிப் பஞ்சாபிலிருந்த சிறையில். 1931-இல் வட்டமேசை மாநாட்டுக்கு அப்பாவோடு லண்டன். 1932-இல் மறுபடியும் சிறை. கோரக்பூர்ச் சிறையில் டைபாய்டு காய்ச்சல். அந்த நாளில் டைபாய்டுக்கு மருந்து கிடையாது. பிழைத்தால் உண்டு.

கடிதம் எழுதக் கூடாது என்றால் இந்தச் சேதியெல்லாம் அவளுக்கு எப்படிப் போயிருக்கும்? பத்திரிகை வழியாகத்தான் என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். மற்றப் பெண்களுக்குத் தூது போகத் தோழி இருந்தாள், கிளி இருந்தது, தபால்காரர் இருந்தார். இவளுக்கு இரண்டு நாள் பழைய செய்தித்தாள். 'மகாத்மாவின் மகன் கவலைக்கிடம்' என்பது போல ஏதோ ஒரு தலைப்பை, ஆசிரமத்தில் பத்துப் பேர் உரக்கப் படித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, முகத்தில் ஒன்றும் காட்டாமல் ராட்டையைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். நூல் அறுந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இது என் கற்பனைதான். ஆனால் அந்த வயதில் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருப்பது எப்படிப்பட்ட வேலை என்பது எனக்குத் தெரியும்.

1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தபோது, பூனா ஒப்பந்தத்துக்கான பேச்சுகளில் ராஜாஜியும் தேவதாஸும் சேர்ந்தே ஓடியாடினார்கள். வருங்கால மாமனாரும் மாப்பிள்ளையும் அம்பேத்கரோடு தொகுதிக் கணக்கு பேசுகிறார்கள். அந்த அறைக்குள் லட்சுமியின் பெயர் ஒருமுறையாவது வந்திருக்குமா? வந்திருக்காது. ஆண்கள் எவ்வளவு நெருங்கினாலும் இந்தப் பேச்சை மட்டும் எடுக்கமாட்டார்கள். எங்கள் அப்பாவும் என் கடிதத்துப் பையனின் அப்பாவும் தினமும் மாலை ஒன்றாக நடக்கப் போனவர்கள்தான். அவர் எங்கள் ஊர் வங்கிக் கிளையின் மேலாளர், திருச்சூர்க்காரர்.

1933 மே மாதம் காந்தி 21 நாள் உண்ணாவிரதம் தொடங்கினார். வேண்டாம் என்று மன்றாடியவர்களில் ராஜாஜியும் உண்டு, தேவதாஸும் உண்டு. ஐந்து வருடத் தவணை முடிந்து கல்யாணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பா பட்டினியால் செத்துப்போகக்கூடும். மே 29-ஆம் தேதி உண்ணாவிரதம் முடிந்தது. பதினெட்டாம் நாள், ஜூன் 16 அன்று, பூனாவில் தாக்கர்ஸி சீமாட்டியின் 'பர்ணகுடி' மாளிகையில் திருமணம். உண்ணாவிரதம் நடந்ததும் அதே வீட்டில்தான். நடத்தி வைத்தவர் லட்சுமண சாஸ்திரி ஜோஷி. எலும்பும் தோலுமாக இருந்த காந்தி நாலு வார்த்தை பேசினார். ராஜாஜியிடமிருந்து ஒரு மாணிக்கத்தைக் கொள்ளையடித்துவிட்டாய், அதற்குத் தகுதியாக நடந்துகொள் என்று மகனுக்குச் சொன்னார். அழகான வாக்குதான். ஆனால் கவனித்தீர்களா, அதிலும் லட்சுமி ஒருவரிடமிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் பொருள். கொள்ளைபோக அந்த மாணிக்கமே ஐந்து வருடம் காத்துக்கொண்டிருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

பிறகு நடந்தது ஊரறிந்தது. டெல்லியில் குடித்தனம். தேவதாஸ் 1937-இலிருந்து ஹிந்துஸ்தான் டைம்ஸின் நிர்வாக ஆசிரியர். 1957-இல் பம்பாயில் இறந்தார். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என்று நான்கு பிள்ளைகள். லட்சுமி 1983 வரை இருந்தார். காந்தியும் அதற்குள் வெகுதூரம் வந்துவிட்டார். 1942-இல் நேருவின் மகள் இந்திரா, பார்சியான பெரோஸை மணக்கப்போகிறார் என்று வசைக் கடிதங்கள் குவிந்தபோது ஹரிஜன் பத்திரிகையில் பகிரங்கமாக அவர்கள் பக்கம் நின்றார். கடைசிக் காலத்தில், மணமக்களில் ஒருவர் ஹரிஜனாக இல்லாத கல்யாணத்துக்கு ஆசி கிடையாது என்கிற அளவுக்குப் போனார். பாத்திமாவுக்கு மறுத்ததைப் பதினாறு ஆண்டு கழித்துப் பெரோஸுக்குக் கொடுத்தார். நடுவில் அவரை அசைத்தவர்களில் லட்சுமியும் ஒருத்தி என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது, அவள் ஒரு வார்த்தையும் பேசியதாக ஏடுகளில் நான் காணாவிட்டாலும்.

என் கடிதம் என்ன ஆயிற்று என்றால், ஒன்றும் ஆகவில்லை. அதைக் கொடுக்கவே இல்லை. அடுத்த மே மாதம் மேலாளருக்கு மாற்றல் வந்தது. லாரியில் பீரோ ஏற்றும்போது நான் மாடியில் நின்று பார்த்தேன். அவன் ஒரு பிளாஸ்டிக் வாளியில் மணிபிளாண்ட் செடியைத் தூக்கிக்கொண்டு போனான். மேலே பார்க்கவில்லை. எனக்கு யாரும் ஐந்து வருடக் கெடு வைக்கவில்லை. அப்பா வைத்ததாக நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். காது சரியாகக் கேட்பதில்லை. ஆனால் ராஜாஜி என்றால் கேட்கும். தேவதாஸுக்கு 27 வயது என்பதைச் சொன்னேன். "அப்படியா?" என்றார். பச்சையப்பன் கல்லூரிப் பேச்சைச் சொன்னேன். தலையை ஆட்டினார். லட்சுமி என்ன நினைத்தாள் என்று யாருமே எழுதி வைக்கவில்லை அப்பா, என்றேன். வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த விரல் நின்றது. தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டு போனார்.

"அந்தக் கடிதத்தில் நீ பேர் போடவில்லையே," என்றார். "யாரம்மா அது?"

சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை போல. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.